பணியிடம் கேள்வி-பதில்: மீட்டிங்கில் வாய் திறக்காதவருக்குத் தெரிந்தது

பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் தலைமைப் பயிற்சி, இன்க்ளூஷன் (யாரையும் ஒதுக்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுதல்) பயிற்சி பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஃபேக்டரியில் மெஷின் பாகங்கள் தயாராகின்றன. மொத்தம் 180 பேர். தமிழ், கன்னடம், தெலுங்கு, ஒடியா, இந்தி என்று ஐந்து மொழி. 24 சூப்பர்வைசர்களுக்கு 'லீடர்ஷிப், இன்க்ளூஷன்' என்று ஒருநாள் பயிற்சி நடத்த எம்.டி. சொல்லிவிட்டார். ஹோட்டல் ஹால், மதியச் சாப்பாடு, சர்ட்டிஃபிகேட் எல்லாம் சேர்த்து ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது. போன வருடமும் இப்படித்தான் ஒன்று நடந்தது. மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடிதான். இந்த முறை ஒப்புக்கொள்ளலாமா?
– எச்.ஆர். பொறுப்பில் உள்ள வாசகி, பீன்யா

பதில்: கையெழுத்துப் போடுவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அதே பணத்தை வேறு மாதிரிப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஹாலில் கேட்டது ஏன் தங்கவில்லை என்பதை முதலில் பார்ப்போம். மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்டில் இரண்டு பேர் வரவில்லை, டார்கெட் அப்படியே நிற்கிறது. சூப்பர்வைசர் ஒருவர் ஆசையாக நைட் ஷிஃப்ட் ஆளிடம் கருத்துக் கேட்கிறார். பிளான்ட் ஹெட் அந்தப் பக்கம் வந்து, "பேச்சு என்ன, மெஷினைப் பாருங்க" என்கிறார். பயிற்சி அந்த நிமிடத்தோடு முடிந்தது. பிளான்ட் ஹெட் அந்த ஹாலில் உட்காரவே இல்லை. ஆகவே முதல் இரண்டு மணி நேரம் எம்.டி., பிளான்ட் ஹெட், துறைத் தலைவர்கள் ஆகியோருக்குத் தனியாக. அதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் மற்றதற்குச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்து, 24 பேரை 12 பேராக இரண்டு பிரிவாக்குங்கள். ஷாப் ஃப்ளோரும் காலியாகாது, ஆளாளுக்குப் பேச நேரமும் கிடைக்கும். ஒவ்வொரு பிரிவிலும் எல்லா ஷிஃப்டும், ஸ்டோர்ஸ், க்வாலிட்டி, மெயின்டனன்ஸும் கலந்திருக்கட்டும். ஒருவரும் அவருடைய நேரடி மேலாளரும் மட்டும் ஒரே பிரிவில் வேண்டாம். முழு நாளுக்குப் பதிலாக மூன்றரை மணி நேர அமர்வுகள் மூன்று, நடுவே மூன்று வார இடைவெளி. கற்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

பயிற்சியாளர் முன்கூட்டியே இரண்டு நாள் ஃப்ளோருக்கு வரவேண்டும். அதில் ஒன்று நைட் ஷிஃப்ட். 12 முதல் 15 பேரிடம் அவரவர் மொழியில் பேசவேண்டும், அதில் ஐந்து பேராவது கான்ட்ராக்ட் தொழிலாளர்களாக இருக்கவேண்டும். கொட்டேஷனில் இதைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். "தேவையில்லை, எங்களிடம் ரெடிமேட் மாட்யூல் இருக்கிறது" என்று சொல்பவரை அனுப்பிவிடலாம்.

முதல் அமர்வுக்கு உயிருள்ள ஒரு பிரச்சினை வேண்டும். நைட் ஷிஃப்டில் ரிவொர்க், அதாவது சரியாக வராத பாகத்தைத் திரும்பச் சரிசெய்யும் வேலை, கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரும்புக் கம்பி உள்ளே வருவதிலிருந்து பெட்டி லாரியில் ஏறும் வரை அந்த பாகத்தைத் தொடுபவர் அத்தனை பேரையும் ஒரு சார்ட் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, 'இந்த ரிவொர்க் பற்றி இவரிடம் கடைசியாக எப்போது கேட்டோம்?' டெபர்ரிங் (பாகத்தின் ஓரப் பிசிறை நீக்குவது) செய்யும் ஒடியா இளைஞர், பேக்கிங் பெண்கள், மெஷினின் வெட்டுமுனையான இன்சர்ட்டை மாற்றும் ஹெல்ப்பர் ஆகியோருக்கு எதிரே பெரும்பாலும் வெற்றிடம்தான் இருக்கும். பாகம் கெட்டுப்போவதை முதலில் கையால் உணர்பவர்களோ அவர்கள்தான். இன்க்ளூஷன் எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஸ்லைடும் சொல்லிவிடாது.

அமர்வு முடிந்ததும் மூன்று வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. ஷிஃப்ட் ஒப்படைக்கும் பத்து நிமிடத்தில், அந்த வாரம் பேசாத இரண்டு பேரிடம் "இன்னிக்கு எது தடங்கலா இருந்தது?" என்று கேட்டு ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். மறுநாளுக்குள் அவருக்குப் பதில் சொல்லவேண்டும். இரண்டாவது அமர்வு அந்த ரிஜிஸ்டரை வைத்து நடக்கும். எங்கே தடுக்கியது, கெட்ட செய்தி வந்தபோது முகம் எப்படிப் போனது என்று பேசி, மூன்று நிமிடம் குறுக்கிடாமல் கேட்கும் பழக்கத்தைச் செய்துபார்ப்பார்கள். மூன்றாவது அமர்வின் கடைசி 45 நிமிடத்துக்கு எம்.டி. வரவேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'செய்கிறோம், இந்தத் தேதிக்குள்' அல்லது 'முடியாது, இந்தக் காரணத்தால்' என்று அங்கேயே பதில். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போகும் எம்.டி., மறுத்துக் காரணம் சொல்பவரைவிட அதிகச் சேதம் செய்கிறார்.

ஒரு எச்சரிக்கை. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, 'அப்பா பட்டதாரியா? ஒரு அடி முன்னே வா. சின்ன வயதில் பட்டினி கிடந்தாயா? ஒரு அடி பின்னே போ' என்று ஒரு விளையாட்டு நடத்துவார்கள். வெளிநாட்டிலிருந்து அப்படியே எடுத்து வந்தது. நம் ஊரில் அது ஒருவருடைய சாதியையும் வீட்டு வறுமையையும் மேலதிகாரி கண்ணெதிரே அம்பலப்படுத்தும். கண்டிப்பாக வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். 'உங்களுக்கு நேர்ந்த அவமானத்தைப் பகிருங்கள்' என்பதும் அதே ரகம்தான்.

கேள்வி: 'காம்ப்ளெக்ஸிட்டி' வகுப்பில் நான்கு மூலையும் நடுவில் ஒரு இடமுமாகப் படம் வரைந்து விளக்கினார்கள். கேட்கும்போது புரிந்தது. டெஸ்க்குக்குத் திரும்பிய பிறகு எதற்குப் பயன்படுத்துவது என்று பிடிபடவில்லை.
– டீம் லீட், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: அது கனெவின் என்ற சட்டகம். வேல்ஸ் நாட்டுக்காரரான டேவ் ஸ்னோடன், ஐ.பி.எம்.மில் இருந்தபோது 1999 வாக்கில் உருவாக்கியது. வெல்ஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு, பழகிப் புழங்கும் இடம் என்பது போலப் பொருள். கையில் இருக்கும் பிரச்சினை எந்த வகை என்று பார்த்து, அதற்கேற்ற வழியை எடு என்பதுதான் அதன் சாரம்.

மாதச் சம்பளம் போடுவது தெளிவான வேலை, செக்லிஸ்ட் போதும். சர்வர் மெதுவாக ஓடுகிறது என்றால் காரணம் எங்கோ இருக்கிறது, விஷயம் தெரிந்தவர் அலசினால் கண்டுபிடித்துவிடுவார். அது சிக்கலான, ஆனால் பிரித்து அறியக்கூடிய வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள் என்பது வேறு வகைப் பிரச்சினை. ஒரு டீமில் சரிப்பட்டது இன்னொன்றில் சரிப்படாது. நாம் கை வைத்ததும் பிரச்சினையே உருமாறும். காரணம் பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். இதைத்தான் காம்ப்ளெக்ஸ் என்கிறார்கள். நான்காவது, தீப்பிடித்த நிலை. முதலில் அணைக்கவேண்டும், ஆராய்ச்சி அப்புறம். நடுவில் இருப்பது, எந்த வகை என்றே தெரியாமல் நிற்கும் இடம். அங்கே ஆளாளுக்குத் தன் பழக்கத்தின் பக்கம் இழுப்பார்கள். ஃபைனான்ஸ்காரர் ரூல் போடு என்பார், இன்ஜினீயர் டேட்டா எடு என்பார்.

வகை பிரிக்க இரண்டு கேள்விகள் உதவும். அனுபவசாலிகள் இரண்டு பேரிடம் தனித்தனியே கேட்டு, போதிய நேரமும் கொடுத்தால், ஒரே பதிலுக்கு வருவார்களா? போன வருடம் செய்ததையே இந்த வருடமும் செய்தால் அதே பலன் கிடைக்குமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் காம்ப்ளெக்ஸ்.

அதிகம் நடக்கும் தவறு, அதைச் சர்வர் பிரச்சினை போல நடத்துவது. கன்சல்டன்ட் வந்து அறிக்கை கொடுப்பார், கம்பெனி முழுவதற்கும் ஒரே பாலிசி வரும், ஆறு மாதம் கழித்து அதே எண்ணிக்கையில் ராஜினாமா. அதற்குப் பதிலாக மூன்று நான்கு சிறு முயற்சிகளை ஒரே சமயத்தில் விடுங்கள். ஒரு டீமில் புதியவருக்கு, ரிப்போர்ட்டிங்கில் சம்பந்தமில்லாத ஒரு துணை, ஆறு வாரத்துக்கு. இன்னொன்றில் முதல் இரண்டு மாதம் இரவு ஆன்-கால் கிடையாது. மூன்றாவதில் வெள்ளிதோறும் மேலாளருடன் 15 நிமிடம், வேலை நிலவரம் பேசாமல். தோற்றாலும் யாருக்கும் காயம் இல்லாத அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன்பே மூன்றை எழுதி வையுங்கள்: எந்த அறிகுறி தெரிந்தால் விரிவாக்குவோம், எது தெரிந்தால் நிறுத்துவோம், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு.

அந்த அறிகுறி முதலில் யார் கண்ணில் படும்? புதியவருடன் கேன்டீனில் சாப்பிடுபவர், இரவு சப்போர்ட்டில் இருப்பவர், சில சமயம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. மேலாளருக்கு அது ராஜினாமாக் கடிதமாக வந்த பிறகுதான் தெரிகிறது. தலைமைப் பயிற்சியும் இன்க்ளூஷன் பயிற்சியும் ஒன்றாக வரவேண்டிய இடம் இதுதான்; தனித்தனியாக வாங்கினால் இரண்டுமே பாதிதான் வேலை செய்யும்.

முயற்சி தொடங்கும் நாளிலேயே டைரக்டர் வந்து 'மாபெரும் வெற்றி' என்று மெயில் போட்டுவிட்டால் சோலி முடிந்தது. அப்புறம் 'நிறுத்தலாம்' என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

கேள்வி: எங்கள் டீமில் 9 பேர், அதில் 6 பேர் தமிழர்கள். சாயங்காலம் டீ குடிக்கப் போனால் தமிழில்தான் பேசுவோம். ராஞ்சியிலிருந்து வந்த ஒருவர், தன்னை ஒதுக்குவதாக எச்.ஆரிடம் சொல்லியிருக்கிறார். தாய்மொழியில் பேசுவதும் குற்றமா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: குற்றமில்லை. டீயையும் தமிழையும் விடவேண்டாம். ஆனால் டீக்கடையில் என்னென்ன முடிவாகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். ரிலீஸ் தள்ளிப்போவது, தீபாவளி லீவு யாருக்கு, க்ளையன்ட் காலில் யார் பேசுவது என்பதெல்லாம் அங்கே முடிந்துவிடுகிறதா? அப்படியானால் மறுநாள் மீட்டிங்கில் அவருக்குக் கிடைப்பது வெறும் செய்தி. டெல்லி ஆபீஸ் காலில் எல்லோரும் இந்தியில் பேசிச் சிரித்து ஒரு முடிவுக்கு வரும்போது நாம் மியூட்டில் உட்கார்ந்திருப்போமே, அந்த இடத்தில் அவர் இருக்கிறார்.

வேலை முடிவு பேச்சில் வந்தால் "மீட்டிங்ல பேசிக்கலாம்" என்று ஒருவர் நிறுத்தலாம். பேசித் தீர்த்துவிட்டீர்களா, அரை மணி நேரத்துக்குள் டீம் குரூப்பில் பொது மொழியில் போடுங்கள்: என்ன முடிவு, ஏன், வேறு எந்த யோசனை வேண்டாம் என்று விட்டோம். இந்தக் கடைசி இரண்டும் பெரும்பாலும் விடுபடும். அவை தெரியாதவர் அடுத்த முறை பேசவே தயங்குவார். அவர் பக்கத்தில் வந்து நின்றால், என்ன பேசுகிறோம் என்று ஒருவர் ஒரு வரியில் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் "ஏன் எங்ககிட்ட சொல்லாம எச்.ஆர். கிட்ட போனீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்தெந்த விஷயம் உங்களுக்குத் தாமதமாத் தெரிஞ்சது?" என்று கேளுங்கள். பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலைத் திருத்தினால் போதும்.

ஹவுஸ்கீப்பிங்கிலும் கேன்டீனிலும் இருக்கும் கன்னடக்காரர்களை நம் 9 பேர் கணக்கு சேர்ப்பதே இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அவர்களிடம் நாலு வார்த்தை கன்னடம் பேசாதிருப்பதும் ஒதுக்கல்தான்.

கேள்வி: கார்மென்ட்ஸில் ஃப்ளோர் இன்சார்ஜ். லைனில் 40 பேர், பெரும்பாலும் பெண்கள். 'ஏதாவது சொல்லணுமா?' என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. தனியாக நிறையப் பேசுகிறார்கள்.
– வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: நாற்பது பேர் நின்றுகொண்டு, சூப்பர்வைசர் முன்னால், சாப்பாட்டு பெல் அடிக்கும் நேரத்தில் யார் பேசுவார்கள்? முறையை மாற்றுங்கள்.

கேள்வியைக் குறுக்குங்கள்: "எந்த ஆபரேஷன்ல பீஸ் தேங்குது, ஏன்?" முதல் 1 நிமிடம் ஆளுக்கு ஆள் மௌனமாக யோசிக்கட்டும். அடுத்த 2 நிமிடம் இருவராகப் பேசட்டும். பிறகு 4 நிமிடம் நால்வராக. கடைசி 5 நிமிடத்தில் ஒவ்வொரு நால்வர் குழுவும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். மொத்தம் 12 நிமிடம். 10 குழு, 10 விஷயம். யார் சொன்னது என்ற பெயரே வராது. இருவர் ஜோடி ஒரே மொழிக்காரர்களாக இருக்கட்டும். நால்வரில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது. எழுதித் தரச் சொல்லாதீர்கள், எழுதத் தெரியாதவர் அதோடு ஒதுங்கிவிடுவார். முதல் ஏழு நிமிடம் நீங்களும் சூப்பர்வைசரும் அந்த இடத்திலேயே இருக்கக்கூடாது. வந்த பிறகும் விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்ள மட்டும் செய்யுங்கள்.

இதை வேலை நேரத்தில் நடத்துங்கள். 40 பேருக்கு 12 நிமிடம் என்றால் 480 நிமிடம், ஒரு டைலரின் ஒருநாள் ஷிஃப்ட். இந்தக் கணக்கைப் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் முதலிலேயே சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று அனுமதி வாங்கிவிடுங்கள். உணவு இடைவேளையில் வைத்தால் அது அவர்கள் நேரத்தைப் பிடுங்குவதாகிவிடும்.

லைன் முனையில் ஒரு போர்டு: சொன்னது, பதில், தேதி. பதில் இல்லாமல் இரண்டு முறை போனால் மூன்றாவது முறை மறுபடியும் மௌனம்தான். சொன்னவர் யார் என்று தோண்டி, அவருடைய மெஷினையோ லைனையோ மாற்றிவிட்டால், அந்த ஃப்ளோரில் வருடக்கணக்கில் யாரும் பேசமாட்டார்கள்.

முதல் இரண்டு மாதம் புகார் கூடும். மேலிடம் பதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்ஸன் 1990-களில் மருத்துவமனைகளில் நர்ஸ் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக வேலை செய்யும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே அவற்றை ஒளிக்காமல் வெளியே சொன்னார்கள் என்பது பிறகு தெரிந்தது.

கேள்வி: நாங்கள் 35 பேர் உள்ள ஸ்டார்ட்அப். போஷ் பயிற்சி முடித்துவிட்டோம். இன்க்ளூஷன் அதிலேயே அடங்கிவிடாதா?
– வாசகி, மஹாதேவபுரா

பதில்: அடங்காது. போஷ் என்பது பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம். 10 பேருக்குக் குறையாத இடத்தில் உள்புகார்க் குழு இருக்கவேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் பொதுவாக மூன்று மாதத்துக்குள், விசாரணை 90 நாளுக்குள். இதில் முயற்சி, பரிசோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை, எழுதியபடி நடக்கவேண்டும். விளையாட்டும் குழுப் பயிற்சியுமாக நடக்கும் நாளோடு இதைக் கலந்தால், உண்மையிலேயே புகார் உள்ள பெண் 'இதுவும் ஒரு விளையாட்டு' என்று ஒதுங்கிவிடுவார். வேறு நாளில் வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி தனியார் நிறுவனத்துக்கும் சமவாய்ப்புக் கொள்கை தேவை. அதை எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: வராதவர் இன்க்ரிமென்ட் குறையும் என்று சொல்லிப் பயிற்சியைக் கட்டாயமாக்கலாமா?
– மேலாளர், ஓசூர் ரோடு

பதில்: வேண்டாம். ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவை அலசினார்கள். டைவர்சிட்டி பயிற்சியைக் கட்டாயமாக்கிய இடங்களில் ஐந்தாண்டு கழித்தும் மேலாளர் பதவியில் வெள்ளையினப் பெண்களின் விகிதம் உயரவில்லை. கறுப்பினப் பெண்கள் போன்ற சில பிரிவினரின் விகிதம் குறைந்தேவிட்டது. விருப்பத்தின் பேரில் வந்த இடங்களில் பலன் மேல். ஒரு புதியவரைக் கைதூக்கிவிடும் பொறுப்பு, ஆளெடுப்புக் குழுவில் இடம் போன்ற வேலையை மேலாளரிடம் கொடுப்பது இன்னும் நன்றாகப் பலித்திருக்கிறது. மிரட்டலை விட்டுப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: காது கேளாத ஒருவர் அடுத்த மாதம் எங்கள் டீமில் சேருகிறார். என்ன தயார் செய்யவேண்டும்?
– டீம் லீட், கோரமங்களா

பதில்: அவரிடமே கேளுங்கள்: சைகை மொழியா, எழுத்தா, உதட்டசைவா? எல்லோருக்கும் உதட்டசைவு படிக்க வராது. வந்தாலும் பேச்சில் பெரும்பகுதி கண்ணில் பிடிபடாது. பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழவேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர், கை தூக்கிவிட்டுப் பேச்சு. அஜெண்டாவை முந்தின நாள் மாலையே அனுப்பிவிடுங்கள். பேச்சைத் தானாக எழுத்தாக்கிக் காட்டும் கேப்ஷன், தமிழும் கன்னடமும் கலந்த நம் ஆங்கிலத்திலும் பெயர்களிலும் தடுமாறும். ஆகவே முடிவுகளை ஒருவர் உடனுக்குடன் டைப் செய்யட்டும், அந்த வேலை சுற்றில் வரட்டும்.

மொழிபெயர்ப்பாளர் வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் கூட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். கண்ணும் கையும் களைத்தால் அர்த்தம் நழுவும். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் உங்கள் சகாவைப் பாருங்கள். ஃபயர் அலாரத்துக்கு மின்னும் விளக்கு போடச் சொல்லுங்கள். அது வரும்வரை அவரைக் கூட்டிக்கொண்டு இறங்க ஒருவர், அவர் லீவென்றால் இன்னொருவர். அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்து எல்லோரும் 5-க்கு 4.6 மதிப்பெண் போட்டார்கள். இதை வைத்து எம்.டி.யிடம் பலன் இருக்கிறது என்று சொல்லலாமா?
– எச்.ஆர். அதிகாரி, பொம்மசந்திரா

பதில்: சொல்லக்கூடாது. பேச்சாளர் பிடித்திருந்தார், சாப்பாடு நன்றாக இருந்தது என்பதுவரைதான் அது காட்டும். பயிற்சிக்கு முந்தைய ஆறு மாத ரோஸ்டரை (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல்) எடுங்கள். ஓவர்டைம் யாருக்குப் போனது, நைட் ஷிஃப்ட் யார் தலையில் விழுந்தது, யாருடைய லீவு மறுக்கப்பட்டது, சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) கற்றுக்கொள்ள யாரை அனுப்பினார்கள்? நிரந்தரம், கான்ட்ராக்ட், ஆண், பெண், மொழி என்று பிரித்துப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து அதே கணக்கு. ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை வெளியிடாதீர்கள், யாரென்று தெரிந்துவிடும். கூடவே மூன்று மீட்டிங்குகளில் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து, யார் எத்தனை முறை பேசினார் என்று புள்ளி வைத்தால் போதும்.

சூப்பர்வைசரின் போனஸை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். ரிஜிஸ்டர் முழுக்கப் பொய் வரிகள் நிரம்பிவிடும். பழைய ரோஸ்டர் எதையும் அழிக்கவேண்டாம் என்று டைம் ஆபீஸில் இன்றே சொல்லிவையுங்கள்.